யாத்திரைக் குளிசையும் ஆகாமியமும்

கொக்குவிலில் இருந்து சிதம்பரத்துக்கோ காசிக்கோ புறப்படுகிறவர்கள் மஞ்சவனப்பதி முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் பெட்டி கட்டுவார்கள். பலாலி விமானமும் காங்கேசன்துறைக் கப்பலும் வந்தபின் கடல் தாண்டுவது இலகு. மலேரியாத் தடுப்புக் குளிசை என்றால் மட்டும் ஒரு தயக்கம். "கோயிலுக்குப் போறவனுக்கு ஏன் குளிசை? வாறது வரும்."

அந்தப் பதிலில் பக்தி இருக்கிறது. சித்தாந்தம் இருக்கிறதா?

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. சேர்ந்து கிடப்பது சஞ்சிதம்; இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம்; இப்போது செய்வதால் ஏறுவது ஆகாமியம். 'வாறது வரும்' என்கிறவர் பிராரத்தத்தோடு நின்றுவிடுகிறார். குளிசை வேண்டாம் என்று தீர்மானிப்பதும் இன்றைய செயல்தான். அதன் பலன் ஆகாமியத்தில் ஏறும், அடுத்த வளவையும் தொடும்.

இலங்கைக்கு இது பட்டறிந்த பாடம். 1934–35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் மாண்டார்கள். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே. பிறகு கண்காணிப்புத் தளர்ந்தது; 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடி பல்லாண்டு உழைத்து, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றிதழைப் பெற்றது.

நோய் போனாலும் நுளம்பு போகவில்லை. இந்திய நகரங்களில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி 2016இல் மன்னாரில் பிடிபட்டது, பின்னர் யாழ்ப்பாணத்திலும். அது கிணற்று நீரில் முட்டையிடும். கிணறில்லாத வளவு கொக்குவிலில் எத்தனை? 2018 டிசம்பரில் மொனராகலையில், வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து கிருமி இங்குள்ள நுளம்பின் வழியாக உள்ளூரவர் ஒருவருக்குத் தொற்றியது. அவர்கள் இருவர் மீதும் குற்றமில்லை. ஓர் உடம்பின் நோய் அந்த உடம்போடு நிற்பதில்லை என்பதற்கு அது சாட்சி.

காசியில் உயிர் போனால் முத்தி என்பது நம்பிக்கை. அதற்காகவே போய்த் தங்குகிறவரின் துறவு வேறு. திரும்பி வரப் பயணச்சீட்டு எடுத்தவர், பேரப்பிள்ளைகள் படுத்துறங்கும் வீட்டுக்கு வருகிறவர். உடம்பைப் பேணுவது பற்றித் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் தனி அதிகாரமே உண்டு. குளிசை போடுவது சைவத்துக்குப் புறம்பான அச்சம் என்று எவரும் கூசத் தேவையில்லை.

மலேரியா தடை இயக்கம் இக்குளிசைகளை இலவசமாகவே கொடுக்கிறது. எந்தக் குளிசை என்பது போகும் இடத்தைப் பொறுத்தது. வாராந்தக் குளிசையைப் புறப்படுமுன்னே தொடங்கி, திரும்பியபின்னும் நான்கு கிழமை விடாமல் போடவேண்டும். மலேரியாக் கிருமிகளில் விவாக்ஸ் என்ற வகை ஈரலில் மாதக்கணக்காக உறங்கிக் கிடக்கும். ஆகவே எப்போது காய்ச்சல் வந்தாலும் போய்வந்த ஊரை வைத்தியரிடம் சொல்லி, இரத்தத்தைச் சோதிக்கக் கேட்க வேண்டும்.