குறையொன்றும் இல்லை

பெற்றோரை வயோதிகர் இல்லத்தில் சேர்ப்பது தகுமா என்று நம்மவரிடையே வாதம் நடப்பதுண்டு. அந்த வாதத்துக்கு நாம் வரவில்லை. பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் விழுந்துவிட்ட நமது அத்தாவை, காலை ஏழு முதல் இரவு பத்து வரை கடையில் நிற்கும் நாம் அவ்விதம் சேர்த்திருக்கின்றோம். கட்டணத்தை மாதந்தவறாது கட்டுகின்றோம். சிங்கப்பூரில் 1995ஆம் வருடம் இயற்றப்பட்ட பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத 60 வயதானவர்கள் பிள்ளைகளிடம் ஜீவனத்துக்குப் பணம் கோரலாம். அச்சட்டத்தின் முன் நம்மீது குற்றமில்லை. நமது கேள்வி வேறு. அங்கிருப்பவர்கள் மகிழ்ச்சியாய் இருக்கின்றனரா என்பதை எவ்விதம் அறிவது?

சென்ற மாதம் இல்லத்தார் ஒரு படிவம் தந்தனர். உணவு எப்படி, தாதியர் எப்படி என்று வரிசையாகக் கேள்விகள். "மிகத் திருப்தி" முதல் ஐந்து கட்டங்கள். நாம் வாசிக்க வாசிக்க அத்தா, "அல்ஹம்துலில்லாஹ், எல்லாத்துக்கும் நல்லதுன்னே போடு தம்பி" என்றார். போட்டோம். புறப்படும்போது நம் சட்டையைப் பிடித்து இழுத்தார். "குளிக்க வைக்கிறது மட்டும் சுபுஹுக்கு முந்தி இருந்தா நல்லாருக்கும். அதை எழுதிப்புடாதே, அந்தப் பிள்ளை கோவிச்சுக்கும்." குளித்துவிட்டு சுபுஹு தொழுவது அத்தாவின் வாலிப வயது வழக்கம்.

கடையில் நாம் கண்ட ஒன்றுண்டு. ரொக்கம் கொடுப்பவர் அரிசியில் ஒரு வண்டு இருந்தாலும் திரும்பி வந்து சண்டை பிடிப்பார். பற்றுக் கணக்கில் வாங்குகிறவரோ, "நல்ல அரிசி முதலாளி" என்றே சொல்லுவார். அதை நம்பி நாம் மூட்டையைப் பாராதிருந்தால் அது வியாபாரமா? படுக்கையிலிருந்து பிறர் கை பிடித்து எழவேண்டியவரும் பற்றுக்காரரே. அவர் சொல்லும் அல்ஹம்துலில்லாஹ் படைத்தவனுக்கு உரியது. அதை இல்லத்தார் தம் கணக்கில் வரவு வைப்பது முறையன்று. பிள்ளைகளாகிய நாம் வைத்துக்கொள்வதும் முறையன்று.

தாதிமை படிக்கும் நம் மகள் ஓர் ஆராய்ச்சியை வாசித்துக் காட்டினாள். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு பெண்மணிகள் நடத்தி, 1976இல் வெளியிட்டது. ஒரு மாடியில் இருந்தோரிடம், அறையை எப்படி வைப்பது, எந்த இரவு சினிமா பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம் என்றனர். விரும்பிய செடியைத் தேர்ந்து தாங்களே தண்ணீர் ஊற்றவும் விட்டனர். மற்ற மாடிக்கும் செடி கிடைத்தது. தண்ணீர் ஊற்றியவர் தாதி. மூன்றே வாரத்தில் முதல் மாடியினரிடம் மகிழ்ச்சியும் சுறுசுறுப்பும் கூடியிருந்தன. (சினிமாவை விடுவோம், நமக்குச் செடி போதும்.)

நாம் தாதியிடம் பேசினோம். அந்தப் பிள்ளை கோபிக்கவில்லை. விடியற்காலையில் ஆள் குறைவு, வெள்ளிக்கிழமை மட்டும் முயன்று பார்க்கிறேன் என்றது. சொன்னபடி செய்தும் வருகின்றது.

அதற்குப் பின் அத்தாவின் பேச்சே மாறிவிட்டது. தேத்தண்ணீர் ஆறிப்போய் வருகின்றதாம். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவை அலறவிடுகின்றாராம். நேற்று, நம் கடையிலிருந்து கொண்டுபோன வாழைப்பழம் அழுகல் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.