பத்துக்கு எட்டு

'இன்று உங்கள் வலி எவ்வளவு? பூஜ்யம் முதல் பத்துக்குள் ஓர் எண்ணைத் தொடுங்கள்.' இந்த வரியை எழுதியவன் நான். நாள்பட்ட நோயாளிகள் காத்திருக்கும் நேரத்தில் டேப்லெட்டில் தங்கள் நிலையைப் பதிவுசெய்ய, ஒரு கிளினிக்குக்காக நாங்கள் செய்த செயலி அது. முடக்குவாதத்துக்காக அம்மா போவதும் அங்கேதான்.

ஒருநாள் கூடப் போனேன். வீங்கிய விரலால் அம்மா எட்டைத் தொட்டாள்.

"எட்டாம்மா? என்கிட்ட சொல்லவே இல்லியே?"

"உங்கிட்ட சொன்னா மூஞ்சி சுருங்கிப்போகுது கண்ணு. இதுக்கு மூஞ்சியா இருக்குது?"

உள்ளே டாக்டர் "எப்படியிருக்கீங்கம்மா?" என்றார். "பரவால்லீங்க" என்றாள். அவர் திரையில் ரத்தப் பரிசோதனை முடிவு திறந்திருந்தது. எங்கள் அறிக்கை வேறொரு டேபில், திறக்கப்படாமல். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே அவ்வளவு கூட்டம். நான்தான் குறுக்கே விழுந்து சொன்னேன். திறந்து பார்த்தார். கடந்த மூன்று முறையும் ஏழு, எட்டு, எட்டு.

வெளியே வந்ததும் அம்மாவைக் கேட்டேன், ஏன் வாயால் சொல்லவில்லை என்று. "அதான் அதுல சொல்லிட்டனே. பச்சையா டிக் வந்துச்சே."

அந்த டிக்கும் நான் வைத்ததுதான். 'நன்றி. உங்கள் பதில் பதிவானது.' பதிவானது என்பதை அவள் கேட்டுக்கொண்டார்கள் என்று படித்திருக்கிறாள். வேறெப்படிப் படிப்பாள்?

இந்தச் செயலியை விற்கும்போது நாங்கள் காட்டிய ஆய்வு ஒன்று உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஈதன் பாஷ் குழுவினர் 766 புற்றுநோயாளிகளிடம் நடத்தியது. கணினிவழி அறிகுறிகளைப் பதிவுசெய்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 31.2 மாதம், வழக்கமான கவனிப்பில் 26 மாதம் என 2017இல் வெளியிட்டார்கள். எங்கள் ஸ்லைடில் அந்த எண்கள் பெரிய எழுத்தில் இருந்தன. அறிகுறி மோசமானால் நர்ஸுக்கு மின்னஞ்சல் போகும், அவர் அதைப் பார்த்து ஏதாவது செய்வார் என்ற பகுதி இல்லை. நர்ஸை ஸ்லைடில் விற்க முடியாது அல்லவா.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வந்ததா என்பது. அந்தக் கேள்வியை நீக்கிய பிஎச்க்யூ-8 என்றொரு வடிவமும் இருக்கிறது. 'ஆம்' என்பவருக்கு உடனே உதவ ஆளில்லாத ஆய்வுகளில் அதைப் பயன்படுத்துகிறார்கள். முதலில் இது கோழைத்தனமாகப் பட்டது. கேட்காவிட்டால் அந்த எண்ணம் இல்லாமல் போய்விடுமா? போகாது. ஆனால் கேட்காதபோது அவர் வேறு யாரிடமாவது சொல்லக்கூடும். கேட்டுவிட்டுப் படிக்காமல் விட்டால், சொல்லியாயிற்று என்று அவர் அமைதியாகிவிடுகிறார். அம்மா அப்படித்தான் அமைதியானாள். இரண்டில் எது பெரிய துரோகம் என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பச்சை டிக்குக்குப் பதிலாக 'மருத்துவர் இதை இன்னும் பார்க்கவில்லை' என்று காட்டலாம் என்றேன் மீட்டிங்கில். "யூசர் பயந்துடுவாங்க ப்ரோ" என்றார்கள். டிக் அப்படியே இருக்கிறது.

அன்று டாக்டர் மாத்திரையின் அளவை மாற்றினார். பஸ்ஸில் அம்மா என்னோடு பேசவில்லை. "நான் டாக்டருக்குத்தானே போட்டேன். நீ எதுக்குப் பாத்த?" என்றாள், இறங்கும்போது.