வராதவரைத் தேடும் கூட்டம்

பதுளை மறைமாவட்டம் 1972 டிசம்பரில் கண்டியிலிருந்து பிரிக்கப்பட்டது. பதுளை, மொனராகலை என்னும் இரு மாவட்டங்களும், அதாவது ஊவா மாகாணம் முழுவதும், அதற்குள் அடக்கம். சுமார் 8,500 சதுர கிலோமீற்றர் நிலம். அதில் கத்தோலிக்கர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அதுவரை கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார, அந்த நகரத்தை விட்டுவிட்டு, தாமே விரும்பி இந்த ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். ஒரு மேய்ப்பர் ஏன் ஆள் குறைந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார் என்ற கேள்வி நெடுநாள் என்னைக் குடைந்தது. தேயிலைத் தோட்டத்துக் கோயில்களைப் பார்க்கப் பார்க்கத்தான் விடை கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது.

பங்கு என்று பெயர்தான். அதற்குள் மலைக்கு மலை சிதறிய தோட்டங்கள். ஒரு டிவிசனில் பத்துக் குடும்பம், அடுத்ததில் நான்கு. எல்லாக் கோயிலுக்கும் எல்லா ஞாயிறும் சுவாமி வர முடியாது. அவர் வராத ஞாயிறுகளில் உபதேசியார் செபம் சொல்லிக் கொடுப்பார். ஒக்டோபர் செபமாலை மாதம். ஊவாவில் மழையும் அப்போதுதான் பிடிக்கும். கொழுந்து நிறுத்து, பிள்ளையைப் புள்ளக்காம்பராவிலிருந்து தூக்கிக்கொண்டு, நனைந்த படங்கைக் கழற்றி வைத்துவிட்டு வரும் பெண்கள் ஒரு லயத்துக் காம்பராவில் நெருக்கியடித்து உட்கார்வார்கள். பக்கத்துக் காம்பரா மாரியம்மன் பக்தர்களுடையது. அங்கிருந்தும் இரண்டு பேர் வந்து உட்காருவதுண்டு. யாரும் அதை அதிசயமாக நினைப்பதில்லை.

அங்கே முதலில் கேட்கும் பேச்சு, “எங்க, அந்த அக்காவக் காணோம்?” என்பதாகத்தான் இருக்கும். செபம் முடிந்ததும் யாராவது ஒருத்தி அந்த அக்காவின் காம்பராவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புவாள். காய்ச்சலா, சண்டையா, அடுப்பில் வைக்க ஒன்றுமில்லையா என்பது அன்றிரவே தெரிந்துவிடும்.

இதைச் சிறிய விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. இந்த மலையகத் தமிழரைப் போல எண்ணப்பட்டவர்கள் குறைவு. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அண்ணன் கப்பலேறினான், தம்பி இங்கே நின்றான். தோட்டத்திலும் எண்ணிக்கைதான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இத்தனை எண்ணிக்கையிலும், ஒருத்தி இல்லாமல் போனதால் யார் மனம் பதைத்தது என்று கேட்க எந்தப் புத்தகத்திலும் இடமில்லை.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். மண்ணுக்குள் எத்தனை பேர் என்பதற்கு முதல் நாட்களில் ஆளுக்கொரு எண் சொல்லப்பட்டது. நூற்றுக்கு மேல் என்றார்கள், பிறகு குறைத்தார்கள். அடுத்த லயத்தாரைக் கேட்டால் எண் வராது, பெயர்கள் வரும். இன்ன வீட்டு மருமகள், இன்னாரின் கடைசிப் பிள்ளை என்று வரிசையாக வரும்.

ஆயர் லியோ எதைத் தேடி வந்தார் என்பது எனக்கு இங்கேதான் புரிகிறது. ஆயிரம் பேர் கூடும் கோயிலில் ஒருவர் வராவிட்டாலும் பூசை குறையில்லாமல் நடக்கும். பத்துக் குடும்பம் மட்டுமே உள்ள இடத்தில் ஒருவர் வராவிட்டால் பாட்டிலேயே ஒரு குரல் குறையும். ஒருவர் இல்லாதது மற்றவர்களுக்குத் தெரியவரும்போதுதான் கூட்டம் சமூகமாகிறது. தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையைச் சின்னப் பங்குகள்தான் நாள்தோறும் வாழ்ந்து பார்க்கின்றன.

அந்தத் தேடல் ஞானஸ்நானப் பதிவேட்டோடு நிற்பதுமில்லை. பண்டாரவளையில் ஆயர் தொடங்கிய சேவக செவன என்னும் குருமடத்தில் பணியாற்றிய மைக்கேல் ரொட்ரிகோ அடிகள், 1980இல் மொனராகலைப் பக்கம் புத்தலவுக்குப் போனார். இரண்டு கலாநிதிப் பட்டங்கள் பெற்றவர். பௌத்த விவசாயிகளின் நடுவே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். மதம் மாற்ற வரவில்லை. அவர்களின் நிலத்துக்காகப் பேசினார். 1987 நவம்பர் 10 மாலை, அந்த வீட்டில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா வீடுகளிலும் இருக்கிறார்கள். பத்துக் குடும்பம் ஆறாகிறது. ஆள் குறைந்தால் கோயிலைப் பூட்டி நகரத்துப் பங்கோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை எங்கேயும் எழக்கூடியது. கணக்குக்கு அது சரியாகவும் படும். அப்படிச் சேர்த்தால் பஸ் ஏற முடியாத கிழவியை யார் தேடுவது? பூட்டுவதற்குச் செலவிடும் யோசனையை உபதேசியார்மீது செலவிடலாம். குடும்பம் நடத்தப் போதுமான சம்பளம் கொடுங்கள். ஏற்கெனவே வீடு வீடாகப் போய்ப் பார்த்துவரும் அந்தப் பெண்களுக்கு முறையான பயிற்சியும் பொறுப்பும் கொடுங்கள். ஆறு குடும்பத்துக்கும் ஒரு கோயில் வேண்டும்.