உலர்ந்த எலும்பின் சுவை யாருடையது?

புலனின்பத்தின் இயல்பை விளக்க இந்தியச் சமய நூல்கள் கையாளும் உவமைகளுள், உலர்ந்த எலும்பைக் கடிக்கும் நாயின் உவமை மிகப் பழையது. ஒன்றுக்கு மேற்பட்ட சமயங்களுக்குப் பொதுவானதும்கூட. சதையும் மஜ்ஜையும் அற்ற எலும்பை நாய் ஓயாமல் கடிக்கிறது. எலும்பின் கூர்முனை ஈறுகளைக் கிழிக்க, கசியும் தன் இரத்தத்தையே சுவைத்து, அச்சுவை எலும்பிலிருந்து வருவதாக எண்ணி மேலும் கடிக்கிறது என்பது இன்று சொற்பொழிவுகளில் வழங்கும் வடிவம். கேட்போர் தலையசைத்துவிட்டு எழுந்துபோகும் அளவுக்கு இது பழகிப்போனதால், ஒரே நாயைக் காட்டி வெவ்வேறு சமயங்கள் வெவ்வேறு செய்திகளைச் சொல்லிவந்திருப்பது பெரும்பாலும் கவனத்தில் படுவதில்லை.

பாலி மொழியிலுள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 54ஆம் சூத்திரத்தில், சொத்தையெல்லாம் மக்களிடம் ஒப்படைத்துவிட்டதாலேயே தான் துறவி என்று நம்பி, 'இல்லறத்தான்' என்று புத்தர் அழைத்ததற்குச் சினம் கொள்ளும் போதலியன் என்பவனுக்கு இந்த உவமை சொல்லப்படுகிறது. இறைச்சி வெட்டுபவனோ அவனுடைய கையாளோ, சதை முழுவதும் செதுக்கப்பட்டு இரத்தம் மட்டும் பூசிய எலும்பைப் பசித்த நாய்க்கு எறிந்தால், அந்த நாயின் பசி தீருமா என்று புத்தர் கேட்க, தீராது, களைப்பே மிஞ்சும் என்று போதலியன் விடை சொல்கிறான். இங்கே எலும்பில் பூசியிருக்கும் இரத்தம் நாயினுடையது அன்று. சுவை பொய் என்றும் சொல்லப்படவில்லை. சுவை சிறிது, துன்பம் பெரிது, பசியோ அப்படியே இருக்கிறது என்பது மட்டுமே வாதம்.

பர்த்ருஹரியின் நீதி சதகத்தில் வரும் நாய்க்கு வேறு வேலை. புழு மொய்த்து எச்சில் வழியும் எலும்பைச் சுவைக்கும் அந்த நாய், இந்திரனே பக்கத்தில் நின்றாலும் வெட்கப்படுவதில்லை. அற்பர் தாம் பற்றிய பொருளின் அற்பத்தனத்தை உணரார் என்பது அங்கே கருத்து. இது நாயைப் பற்றியதும் அன்று, இன்பத்தைப் பற்றியதும் அன்று. மனிதரைத் தரம் பிரிக்கும் அரசவைப் பேச்சு என்பதால் அதிகம் தங்கவேண்டியதில்லை.

தமிழில் இவ்வுவமை கூர்மை பெறுவது, ரமண மகரிஷியின் உபதேசங்களை முருகனார் வெண்பாக்களாக்கிய குருவாசகக் கோவையில். எலும்பைக் கடித்துக் கடித்து வாய் புண்ணாகியும் அதன் சுவைக்கு ஈடில்லை என்று புகழும் நாய், விஷயங்களில், அதாவது புலன்கள் நுகரும் புறப்பொருள்களில், இன்பம் தேடும் மனிதனுக்கு ஒப்பாகிறது. விலங்குகளை 'அது' என்று சுட்டாமல் 'அவன்', 'அவள்' என்றே பேசிய, ஜாக்கி என்ற நாய்க்கு ஆசிரமத்தில் சமாதி அமைய இடம் கொடுத்த ஒருவருடைய உபதேசத்தில் நாய் பேதைமைக்குச் சான்றாக நிற்பது சற்று வியப்பானதே. எனினும் வாதம் தெளிவானது: ஆனந்தம் ஆன்மாவின் இயல்பு, ஒன்றின் தன்மையை மற்றொன்றின்மேல் ஏற்றிக் காண்பதாகிய அத்யாசத்தால் அது பொருளின் குணமாகத் தோன்றுகிறது.

ஆனால் இரத்தம் தன்னுடையது என்ற வடிவத்தை வேதாந்தம் முழுமையாக ஏற்க முடியுமா என்பது ஐயத்துக்குரியது. ஆன்மாவின் ஆனந்தம் குறைவற்றது, எதையும் இழக்காமல் விளங்குவது என்பது அக்கொள்கை. உவமையிலோ சுவை புண்ணிலிருந்து வருகிறது, சுவைக்கச் சுவைக்க நாய் தேய்கிறது. சைவ சித்தாந்தத்துக்கு இவ்வுவமை இன்னும் இடறும். 13ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் வகுத்த நெறியில், உயிர் தான் எதைச் சார்கிறதோ அதன் தன்மையாய் நிற்பது. இதைச் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பர். உயிரை மறைக்கும் அழுக்காகிய மலத்தைச் சார்ந்தால் இருள், இறைவனைச் சார்ந்தால் இன்பம் என்றிருக்க, தன் இரத்தத்தைத் தானே சுவைத்து நிறைவடையும் உயிருக்கு அங்கே இடமில்லை. மாணிக்கவாசகர் தம்மை நாய் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது எலும்பை நினைத்து அன்று, தகுதியற்ற தன்னையும் ஏற்றுக்கொண்ட ஆண்டானை நினைத்தே.

வேதாந்தமும் சித்தாந்தமும் ஒரே தெருவில் புழங்கிய நிலம் என்ற முறையில் உதியன்குளங்கரையும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் இங்கே கருதத்தக்கவை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே, திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில் இவ்வூர் அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்துக்கு வர, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது என்றாலும், பேச்சிலும் வழிபாட்டிலும் அந்தக் கோடு அவ்வளவு அழுத்தமாக விழவில்லை. இத்தாலுகாவிலுள்ள அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டுச் சிவராத்திரியன்று நெய்யாற்றின் கல்லொன்றைச் சிவலிங்கமாக நிறுவிய நாராயண குரு, தமிழிலும் பதிகம் பாடியவர். அவருடைய ஆத்மோபதேச சதகத்தில் புலன்கள், ஒளி முதலான ஐந்து பழங்களைத் தின்னும் ஐந்து பறவைகளாகின்றன. அந்நூலில் இதைவிட முக்கியமானது, ஒருவர் தம் இன்பத்துக்காகச் செய்வது பிறருடைய இன்பத்துக்கும் உதவவேண்டும் என்ற கட்டளை. எலும்பு உவமையில் நாய் தனியாகவே இருக்கிறது. சுவை தன்னுடையதா பொருளினுடையதா என்ற கேள்விக்கு இரண்டே தரப்புகள். குருவின் கட்டளை மூன்றாவது ஒருவரை உள்ளே அழைக்கிறது.

அந்த மூன்றாமவரைத் தேடுமுன் நாயைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. இவ்வூர்ப் புரையிடங்களில் நாய்க்கு எலும்பைவிட எளிதில் கிடைப்பது சிரட்டை. முன்னங்கால்கள் இரண்டாலும் அதை நிலத்தோடு அழுத்தி, தலையை ஒருபுறம் சாய்த்து, கடைவாய்ப் பற்களின் இடுக்கில் விளிம்பைச் செருகி, கண்ணைப் பாதி மூடியபடி அது அரைக்கிறது. விளிம்பு எச்சிலில் கறுத்து மினுங்குகிறது. சில நிமிடத்துக்கு ஒருமுறை சிரட்டையைத் திருப்பிப் புதிய விளிம்பைத் தேர்ந்துகொள்வதைக் காண்பவர், இதை ஏமாற்றம் என்று எளிதில் சொல்லிவிட மாட்டார். 28 பால்பற்கள் உதிர்ந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் முதல் ஏழு மாதங்களில் குட்டி ஈறு தினவுக்காகக் கடிக்கிறது. வளர்ந்த நாய் சலிப்பிலும் தனிமையிலும், வேறு காரணமின்றிக் கடிக்கும் சுகத்துக்காகவும் கடிக்கிறது. கல்லையும் மண்ணையும் விழுங்கத் தொடங்கினால் அது வேறு செய்தி: குடற்புழுவோ இரத்தசோகையோ இருக்கலாம்; வெறிநோய் கண்ட நாயும் கட்டையையும் கல்லையும் கடிக்கும். மிகக் கடினமான பொருளால் மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பிளந்துபோவதும், வலியை வெளிக்காட்டாமல் நாய் மறைப்பதும் கால்நடை மருத்துவர் அறிந்தவை. ஆக, உவமை சொல்லும் காயம் பொய்யன்று. ஆனால் சுவை எலும்பிலும் இல்லை, இரத்தத்திலும் இல்லை, கடித்தலில் இருக்கிறது என்ற மூன்றாவது விடையை உவமை எண்ணிப் பார்க்கவில்லை. இதனால் நாயைப் பலன் கருதாத கர்மயோகியாக்கிவிடுவதும் மிகையே.

போதலியனுக்குச் சொன்ன உவமையில் எல்லோரும் தாண்டிச்செல்லும் ஒருவன் உண்டு. பசித்த நாய் என்று தெரிந்தும், சதையைத் தன் பலகையில் வைத்துக்கொண்டு, செதுக்கி முடித்த எலும்பை எறிந்தவன் அவன். அறியாமையின் குற்றம் நாய்மேல் விழ, எறிந்த கை நூல்களிலிருந்து நழுவிவிடுகிறது. நாள்முழுதும் சங்கிலியில் கிடந்து சோற்றுப் பாத்திரத்தின் விளிம்பையே கடிக்கும் வீட்டு நாயின் விஷயத்திலும், கேட்கவேண்டிய கேள்வி அதன் பேதைமை பற்றியது அன்று, கட்டிவைத்தவரைப் பற்றியது.

நாராயண குருவோடு ஒரே காலத்தில் இப்பகுதியில் வாழ்ந்த சட்டம்பி சுவாமிகள் (1853-1924) இந்தக் கேள்வியை வேறு பக்கத்திலிருந்து தொட்டவர். கல்லிடைக்குறிச்சி சுப்பா ஜடாபாடிகளிடம் பயின்ற அவர், கொலையையும் புலாலையும் மறுத்து ஜீவகாருண்ய நிரூபணம் என்ற நூலை எழுதினார். விருந்துக்கு அழைத்தவரிடம் தம்முடன் சிலர் வருவர் என்று சொல்லி, தெருநாய்களைக் கூட்டிவந்து வரிசையாக இலை போட்டு உண்ணவைத்தார் என்ற கதை திருவிதாங்கூரில் இன்றும் சொல்லப்படுகிறது. இக்கதையை அவருடைய சித்துக்குச் சான்றாகக் கொள்வோர் பலர். நாய்கள் முறைதவறாமல் உண்டன என்பதே அவர்களுக்கு அதிசயம். அதிசயத்தை ஒதுக்கிவிட்டாலும் இலை மிஞ்சுகிறது. உவமைகளில் பாடமாக நின்ற விலங்கு இங்கே பந்தியில் ஒருவராக அமர்கிறது. புத்தர் கேட்ட பசியின் கேள்விக்குச் சோறு விடையாகிறது. ஆயினும் அந்த விருந்தை வயிறார உண்ட நாய்களும் அன்று மாலையே ஏதோவொரு வேலியோரத்தில் சிரட்டையைத் தேடிப்போயிருக்கும். பசி தீர்வதற்கும் பல் ஓய்வதற்கும் தொடர்பில்லை, அந்த இரண்டையும் ஒன்றாக முடிந்தது உவமை.