பாட்டுக்கு மொய்

பாட்டுப் போட்டி மேடையில் நம் பிள்ளை ஒன்று ஏறிவிட்டால் அதற்கே வாக்களிக்க வேண்டுமென்பது நம்மவரிடையே எழுதாச் சட்டமாகிவிட்டது. ஈப்போவின் அடுக்குவீடுகளிலும், ரப்பர் மறைந்து செம்பனை ஓங்கிவிட்ட சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலும் கைத்தொலைபேசியோடு தொலைக்காட்சியின்முன் காத்திருக்கின்றோம். அன்று மேலாகப் பாடினவர் யார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. இது முறைதானா என்பதையே ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

2015-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விஜய் தொலைக்காட்சியின் சூப்பர் சிங்கர் ஜூனியர் நான்காம் போட்டி முடிவுற்றது. பெங்களூரிலிருந்து வந்த ஸ்பூர்த்தி முதலிடமும், கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிக்கா இரண்டாமிடமும் பெற்றனர். இறுதி மேடையில் ஜெசிக்கா பாடியது, பிறந்த மண்ணைப் பிரிந்து செல்லும் ஏதிலியரின் பாட்டு. அதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட தமிழன் சுருதியையா அளந்துகொண்டிருந்தான்? தன் துன்பத்துக்கு ஒரு குரல் கிடைத்ததென்று வாக்களித்தான். அந்தக் கண்ணீரைப் பழிக்க நாம் யார்?

நிற்க. ஐரோப்பிய நாடுகள் 1956 முதல் நடத்திவரும் யூரோவிஷன் போட்டியில், 1957 தொடங்கி ஒரு விதி உண்டு: எந்த நாடும் தன் பாட்டுக்குத் தானே வாக்களிக்கலாகாது. நல்ல விதிதான். ஆயினும் துருக்கி போட்டியிட்ட காலத்தில், ஜெர்மனியில் குடியேறிய துருக்கியர் துருக்கிக்கு வாக்களித்ததை அது தடுக்கவில்லை. பாசம் எல்லை தாண்டியும் வாழ்கின்றது; இது நமக்குத் தெரியாததா?

அப்படியானால் நடுவரிடமே விட்டுவிடலாமே என்பர் சிலர். 2023-இல் லிவர்பூல் நகரில் பொதுமக்கள் பின்லாந்துப் பாடகருக்கு 376 புள்ளியும், ஸ்வீடனின் லோரீனுக்கு 243 புள்ளியும் அளித்தனர். நடுவர்களோ லோரீனுக்கு 340, பின்லாந்துக்கு 150 என்றனர். கூட்டுத்தொகையில் லோரீன் 583 பெற்று வென்றார், மற்றவர் 526. பிழை செய்தது எந்தப் பக்கம்? நடுவரும் நம்மைப் போல் காதும் பற்றும் உடைய மனிதர்தாமே. தகுதியுடைய புலவருக்கு மட்டும் இடங்கொடுத்ததாம் சங்கப் பலகை என்பர். பலகைக்குப் புலமை தெரியுமென்று நம்புவோர் நம்பிக்கொள்க.

"நாம் தொகையிற் சிறியோர், நம் பிள்ளைக்கு நாம் கை தூக்காவிட்டால் வேறு யார் தூக்குவர்?" என்பது தோட்டத்திலிருந்து எழும் கேள்வி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. எண்ணிக்கையின் வலிமை எத்தகையதென்பதை இந்நாட்டில் நாம் நன்கறிவோம். தலைகளை எண்ணித் தகுதியை மறுக்கும்போதெல்லாம் அநீதி என்று குமுறியிருக்கின்றோம். அதே எண்ணிக்கை ஓரிரவு நம் பக்கம் சாயும்போது மட்டும் அது நீதியாகிவிடுமா?

நம் கருத்தில், இவ்வாக்கு தீர்ப்பன்று, மொய். கலியாண வீட்டில் மொய் எழுதுகிறவன் மணமகளின் அழகுக்கு மதிப்பெண் இடுவதில்லை. உறவுக்காக எழுதுகின்றான், அதில் குற்றமேயில்லை. மொய்க் கணக்கை மேடையில் படித்து, அதையே புலமையின் அளவென்று அறிவிப்பதில்தான் குற்றம். ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் கட்டணம் பெறுவோர் இதைத் திருத்த முன்வருவரென எதிர்பார்ப்பது வீண். துன்பமெல்லாம் பாடின பிள்ளைக்கே. மொய் குறைந்த பிள்ளை தன் குரலே குறையுடையதென்று எண்ணுகின்றது. மொய் மிகுந்ததோ இனிக் கற்க ஒன்றுமில்லை என்று எண்ணுகின்றது. பாட்டு ஆசிரியர் பல ஆண்டு பாடுபட்டுச் சொல்ல வேண்டியதை ஓர் இரவின் தொகை அழித்துவிடுகின்றது.

ஜெசிக்காவோ தமக்குக் கிடைத்த தங்கத்தைத் தமிழகத்திலும் ஈழத்திலுமுள்ள ஆதரவற்ற குழந்தைகளுக்கு அளிப்பதாக அறிவித்தார். மொய்யென வந்ததை மொய்யாகவே திருப்பினார் என்று நாம் கொள்கின்றோம்.

பெரிய தொலைக்காட்சிகளை நாம் திருத்த முடியாது. நம் தோட்டத்து மண்டபங்களிலும் ஈப்போவிலும் நடக்கும் சிறு போட்டிகளிலாவது அந்த 1957-ஆம் ஆண்டு விதியைக் கொண்டுவரலாம்: தன் தோட்டத்துப் பிள்ளைக்குத் தான் வாக்களிக்கலாகாது. அதன்பின் மண்டபத்தில் எத்தனை பேர் மிஞ்சுவர் என்பதைப் பார்க்க நமக்கும் ஆவலாகத்தான் இருக்கின்றது.