நடுவில் நாற்பத்தொன்பது ஆண்டுகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் அபெர்டீன் என்று ஒரு சிற்றூர். அங்கே பிரவுன் குடும்பத்துப் பிள்ளைகள் 1975இல் ஓர் இசைத்தட்டு போட்டார்கள். அவர்களுடைய அடுத்த ஆல்பம் 2024இல் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கக் கேட்க, பாட்டைவிட நடுவிலுள்ள அந்த நாற்பத்தொன்பது ஆண்டுகள்தான் மனதைப் பிடித்துக்கொள்கின்றன.

குழுவின் பெயர் ஸ்டேபிள்ஸ் ஜூனியர் சிங்கர்ஸ். ஸ்டேபிள்ஸ் குடும்பத்துக்கு இவர்கள் உறவல்ல. சிகாகோவில் பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாடிய புகழ்பெற்ற ஸ்டேபிள் சிங்கர்ஸ் மேலிருந்த பிரியத்தில் வைத்துக்கொண்ட பெயர். 1969இல் தொடங்கியபோது ஆனி, ஆர்.சி., எட்வர்ட் எல்லாருமே பள்ளிப் பிள்ளைகள். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்கி வைப்பதை உடனே நிறுத்துங்கள் என்று மிசிசிப்பியின் பல பள்ளி மாவட்டங்களுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அதே ஆண்டு அக்டோபரில்தான்.

அந்த வட்டாரத்தில் காஸ்பல் என்னும் தேவாலயப் பாட்டுக் குழுக்களுக்குப் பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இருக்காது. ஸ்டூடியோவுக்கும் தட்டு அச்சிடவும் கையிலிருந்து பணம் கொடுத்து, சில நூறு பிரதிகள் எடுத்து, ஆராதனை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் விற்பார்கள். பிரவுன் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் வைத்தும் விற்றார்கள். அதோடு தட்டின் கதை முடிந்தது. பிறகு லுவாகா பாப் என்ற இசை நிறுவனம் 2019இல் ஒரு தொகுப்பில் அவர்கள் பாட்டொன்றைச் சேர்த்தது. 2022இல் முழுத் தட்டையும் மறுவெளியீடு செய்தது. தொலைந்த குழு கண்டெடுக்கப்பட்டது என்று இசை ரசிகர்கள் மகிழ்ந்தார்கள்.

யாருக்குத் தொலைந்தது? அவர்கள் தேவாலயங்களில் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அவர்கள் ஒருநாளும் காணாமல் போகவில்லை. பதிவாகாததை நடக்காததாக எண்ணுவது கடைக்காரன் கணக்கு. ஆனால் நம்முடைய வாழ்க்கைக்கும் அதே கணக்கைத்தான் எழுதுகிறோம். எந்த வருடம் என்ன வெளிவந்தது, எது அச்சானது, எதற்குச் சான்றிதழ் இருக்கிறது என்று பட்டியல் போட்டால் என் வயதின் பெரும்பகுதி வெற்றுத்தாள். வெற்றுத்தாளில்தான் நான் குடியிருந்தேன் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு சொகுசான முடிவு காத்திருக்கிறது. 'யார் கேட்டால் என்ன, கடவுள் கேட்கிறார் என்று பாடினார்கள், காசு பெரிதல்ல' என்று நெகிழ்ந்துவிட்டு எழுந்து போய்விடலாம். ஏழைகளின் பற்றின்மையைப் புகழ்வதில் நமக்கு எப்போதுமே ஒரு சுகம். அதற்கு அந்த 1975 தட்டே இடம் கொடுக்கவில்லை. அதன் தலைப்பு 'வென் டூ வி கெட் பெய்ட்'. எங்களுக்குக் கூலி எப்போது?

பக்தர்கள் இதைப் பரலோகத்தில் கிடைக்கப்போகும் பலனாக எடுத்துக்கொள்வார்கள், தவறில்லை. ஆனால் மிசிசிப்பியில் கூலி என்ற பேச்சுக்கு வேறொரு வரலாறும் உண்டு. பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிரிட்ட கறுப்பினக் குடும்பங்கள், அறுவடை முடிந்து கணக்குத் தீர்க்க முதலாளியிடம் போய் நிற்கும். விதைக்கும் உரத்துக்கும் கடைச்சாமானுக்கும் கழித்தது போக நீதான் எனக்குப் பாக்கி என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பாப்ஸ் ஸ்டேபிள்ஸ் வளர்ந்ததே டாக்கரி என்ற பெரிய பருத்திப் பண்ணையில். அந்த மண்ணில் பிள்ளைகள் கூட்டமாக நின்று கூலி எப்போது என்று பாடினால், கேள்வி மேலே மட்டும் போகாது.

பேரும் புகழும் வந்தவருக்கும் பதிவு பற்றிய கவலை இருந்திருக்கிறது. 1972இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் தொட்டது பாப்ஸின் குடும்பம். அவரோ கடைசிக் காலத்தில் பதிவு செய்த பாட்டுகளைத் தொலைத்துவிடாதே என்று மகள் மேவிஸிடம் சொல்லிவிட்டு 2000இல், 85 வயதில், போய்ச் சேர்ந்தார். மகள் இசைக்கலைஞர் ஜெஃப் ட்வீடியோடு சேர்ந்து அவற்றை முடித்து வெளியிட 2015 ஆயிற்று. அப்பா சொன்னதே ஆல்பத்தின் பெயர்: 'டோன்ட் லூஸ் திஸ்'.

பிரவுன் குடும்பத்தின் இரண்டாவது ஆல்பம் 'சர்ச்சிங்'. மிசிசிப்பியின் வெஸ்ட் பாயின்ட் ஊரில் ஒற்றை அறைத் தேவாலயமொன்றில், இரண்டு இரவுகளில் பதிவானது. பழைய மூவரோடு இப்போது வாசிப்பவர்களில் மகனும் பேரனும் இருக்கிறார்கள்.

தட்டு என்று பார்த்தால் எனக்கு முதலாவதே மேல். அந்த கிட்டாரின் முரட்டுத்தனமும், பிஞ்சுக் குரல் பெரிய துக்கத்தைத் தூக்கி நிற்கும் துணிச்சலும் இரண்டாவதில் இல்லை, இருக்கவும் முடியாது. வழியின் களைப்பைப் பற்றிப் பாடும்போது சிறுவர்கள் பெரியவர்களின் களைப்பைத்தான் இரவல் வாங்கிப் பாடினார்கள். ஆனாலும் நான் அதிகம் போடுவது இரண்டாவதைத்தான். அதில் யாரும் யாருக்கும் சைகைக்குக் காத்திருப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் எங்கே மூச்சு வாங்குவார், இன்னொருவர் எங்கே நுழைவார் என்று உடம்புக்கே தெரிந்திருக்கிறது. இதை ஸ்டூடியோவில் கற்றுத்தர முடியாது. ஒலிவாங்கி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் இது சேர்ந்திருக்க வேண்டும்.

அதற்காக அந்த ஞாயிறுகளே கூலி என்று நான் சொல்லமாட்டேன். தட்டு விற்ற பணம் இப்போதாவது ஒழுங்காக அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பேரனுக்கும் அதில் பங்கு உண்டு.