உறுப்பீகையில் ஓர் அளவைப் பிழை

தநு கரண புவன போகங்கள் மாயையினின்றும் இறைவனால் உயிர்க்குக் கூட்டப்பட்டன என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின் உடம்பு இரவற்பொருளே. அதனை ஈதல் கூடுமோவெனின், கூடும். கண்ணப்பர் தம் கண்ணை இடந்து அப்பினமை காண்க. வேடர் கண்ணென்று அது விலக்கப்பட்டிலது.

ஈவார் குலம் நோக்கப்படாதவிடத்து ஏற்பார் குலம் நோக்கப்படலாமோ? அமெரிக்க நாட்டில் நோக்கப்பட்டது. குருதியிலுள்ள கிரியாட்டினின் கொண்டு சிறுநீரக ஆற்றலைக் கணிக்கும் வாய்பாடொன்று 1999-இல் எழுந்தது. நோயாளர் கறுப்பினத்தவராயின் விடையை ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு மிகுத்துக்கொள்க என்பது அதன் விதி. அதனாற் பழுதுற்ற உறுப்பும் வலியதாகத் தோன்றிற்று. மாற்றுறுப்பு வரிசையில் அவர் பெயர் காலந்தாழ்ந்தே ஏறிற்று. பகைமையாற் செய்தாரல்லர், ஆய்ந்தே செய்தனர், அளவை பிழைத்தது. 2022-இல் அவ்விதி விலக்கப்பட்டு, இழந்த காத்திருப்புக் காலத்தை மீட்டளிக்கும் ஏற்பாடு 2023-இல் வந்தது. இடையில் இறந்தாரை என் செய்வது? அவர்தம் வினையென்று அமைவாருமுளர். நோய் வினையான் வந்ததெனினும், ஐந்திலொரு பங்கைக் கூட்டியது மனிதர் கையன்றோ!

தமிழ்நாட்டில் 2008 முதல் மூளைச்சாவுற்றோர் உறுப்புக்கள் வரிசைப்படி வழங்கப்படுகின்றன. ஈண்டுப் பிழை தொலைவிலுள்ளது. இரணியற் கூலியாளர் ஒருவர் சென்னையிற் பதிந்திருப்பின், அழைப்பு வந்த இரவே ஏறத்தாழ 700 கிலோமீட்டர் கடத்தல் வேண்டும். பனிக்கட்டியில் வைத்த சிறுநீரகம் நெடும்பொழுது காத்திராது. அவர் மைந்தன் மூளைச்சாவுற்று உறுப்பீந்தாலோ, 2023-இல் வகுத்தவாறு அரசு மரியாதை உண்டு. அடியார்க்கு அன்னம் பாலிக்கும் நம் மடங்கள், மருத்துவமனைகளின் அணித்தே இத்தகையார் காத்திருந்து தங்கச் சில அறைகள் ஒதுக்குதல் ஆகாதோ?